திருட்டுக் கேமராவும் ஒரு மீனவக் கிராமமும்

‘ஆஃப்டர் தி ஃபாக்ஸ்’ என்ற பழைய ஆங்கிலப் படத்தைப் பார்க்க உட்காருகிறவர்கள் முதல் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விடக் கூடாது. நான் போய்விட்டேன். பெருங்காயம் தீர்ந்துவிட்டது என்று மனைவி காலையில் சொன்னது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குக் கிளம்பிவிட்டேன். திரும்பி வந்தபோது திரையில் கடலோரமாக ஒரு சின்ன ஊர். ஊர்ச்சனம் முழுக்க ஒரு கேமராவைச் சுற்றிக் கூடி நிற்கிறது. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். “வாருங்கள், உங்கள் ஆட்கள் வந்துவிட்டார்கள்” என்றாள்.

என் ஆட்கள்தான். 1976-இல் கோடம்பாக்கத்தில் ஒரு சினிமா கம்பெனியில் புரொடக்‌ஷன் பாயாகச் சேர்ந்தேன். டீ பிளாஸ்க் தூக்கியதில் தொடங்கி, புரொடக்‌ஷன் மேனேஜர் என்ற பெயரோடு 2007-இல் வெளியே வந்தேன். முப்பத்தோரு வருடம். “நாளைக் காலையில் நானூறு பேர் வேண்டும், இரண்டு யானை வேண்டும்” என்று சொல்லிவிட்டு இயக்குநர் தூங்கப் போய்விடுவார். யானைக்காரனின் வீட்டுக் கதவை இரவு பதினொரு மணிக்குத் தட்டுகிறவன் நான். அதனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும், கதாநாயகி எப்படி என்பதற்கு முன்னால், அந்தச் சந்துக்குள் ஜெனரேட்டர் வண்டி எப்படிப் போயிருக்கும் என்றுதான் மனம் ஓடும். இந்த விமர்சனத்தையும் அந்தக் கணக்கிலேயே படியுங்கள்.

படம் 1966-இல் வந்தது. பிரிட்டனும் இத்தாலியும் சேர்ந்து எடுத்த நகைச்சுவை. ஓடும் நேரம் 103 நிமிடம். இத்தாலியில் இதற்கு ‘நரி வேட்டை’ என்று பொருள்படும் பெயர். சேர்ந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் இவர்கள் எப்படி ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று வியப்பாக இருக்கும். நாயகன் பீட்டர் செல்லர்ஸ். ‘பிங்க் பாந்தர்’ படத்தின் தடுமாறும் இன்ஸ்பெக்டராக உலகம் அறிந்த ஆங்கிலேயர். எழுதியவர் நியூயார்க் நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்த நீல் சைமன். அவருக்கு இதுதான் முதல் திரைக்கதை. இயக்கியவரோ, ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ எடுத்து உலகத்தையே அழவைத்த விட்டோரியோ டி சிகா. அவரோடு நிழல்போல வந்தவர், தெருவுக்கே போய்ச் சாதாரண மனிதர்களை வைத்துப் படமெடுத்த நியோ ரியலிசம் என்ற இத்தாலியப் போக்கின் மூளை என்று சொல்லப்பட்ட எழுத்தாளர் செஸாரே ஸவாட்டினி. சைமனுக்கு இத்தாலியன் தெரியாது, ஸவாட்டினிக்கு ஆங்கிலம் வராது. மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள் என்று சைமனே பின்னாளில் எழுதியிருக்கிறார். நகைச்சுவையை மொழிபெயர்ப்பாளர் வழியாக எழுதுவது, தொலைபேசியில் தோசை சுடுவது மாதிரி. சில தோசைகள் கருகியிருக்கின்றன.

கதைக்கு வருகிறேன். கெய்ரோவில் முப்பது லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை ஒரு கும்பல் கொள்ளையடிக்கிறது. தலைவனின் பெயர் ஓக்ரா. ஆங்கிலத்தில் வெண்டைக்காய் என்று பொருள். (மனைவி சந்தேகப்பட்டு மருமகனுக்குத் தொலைபேசி போட்டு உறுதிசெய்துகொண்டாள். வெண்டைக்காயேதான்.) தங்கம் கையில் இருக்கிறது, ஐரோப்பாவுக்குள் கொண்டுவர வழி இல்லை. போலீஸ் எல்லாத் துறைமுகங்களிலும் காத்திருக்கிறது. இதைச் செய்யக்கூடியவன் ஒருவன்தான்: இத்தாலியின் மாறுவேட மன்னன் ஆல்டோ வனூச்சி, பட்டப்பெயர் நரி. அவன் சிறையில் இருக்கிறான். தங்கை ஜீனா தெருவில் திரிகிறாள் என்று கேள்விப்பட்டதும் சிறை மருத்துவரின் வேடத்தில் வெளியே வந்துவிடுகிறான்.

நான் பெருங்காயம் வாங்கப் போனது இந்த இடத்தில்தான். தங்கையின் மானத்தைக் காக்கும் அண்ணனின் கூச்சல் நம் ஊர்ப் படங்களில் ஐம்பது வருடமாகக் கேட்ட கூச்சல். அதை இத்தாலிய உச்சரிப்பில் கேட்டால் புதிதாகிவிடாது. தங்கையாக வருகிறவர் பிரிட் எக்லண்ட். ஸ்வீடன் நாட்டுப் பொன்னிறப் பெண். அப்போது செல்லர்ஸின் மனைவி. அவர் தலையில் கறுப்பு விக் ஒன்றைக் கவிழ்த்து இத்தாலியப் பெண் என்று நம்பச் சொல்கிறார்கள். எங்கள் கம்பெனியில் ஒரு விக்மேன் இருந்தார். அவர் இதைப் பார்த்திருந்தால் அன்று இரவு சாப்பிட்டிருக்க மாட்டார்.

ஆனால் அந்தத் தங்கை தெருவில் என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? நடித்துக்கொண்டிருந்தாள். ரோமின் வியா வெனெட்டோ தெருவில் படப்பிடிப்பு. அவளுக்கு ஒரு துக்கடா வேடம். அண்ணன் பாய்ந்து உடன் நடித்த ஆளை அடித்துவிடுகிறான். படத்தின் உண்மையான தொடக்கம் இந்த அடிதான். அதே ஊரில் டோனி பவல் என்ற ஹாலிவுட் நடிகரைப் பார்த்துச் சனங்கள் பைத்தியமாகி ஓடுவதையும் நரி பார்க்கிறான். மூளையில் விளக்கு எரிகிறது. இரவோடு இரவாகக் கள்ளத்தனமாக எதற்குத் தங்கத்தை இறக்க வேண்டும்? பட்டப்பகலில், கேமரா முன்னால், ஊர்மக்களைக் கொண்டே இறக்கலாமே! போலீஸே கூட்டத்தை ஒழுங்குபடுத்தித் தரும்.

கம்பெனி தொடங்கக் கருவிகள் வேண்டும். அதற்கு வரும் காட்சியை நான் நான்கு முறை திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒரு பாலைவனப் படத்தின் படப்பிடிப்பு நடக்கிறது. மேலே உட்கார்ந்து இயக்குபவர் டி சிகா, டி சிகாவாகவே. புழுதிக் காற்று போதவில்லை, இன்னும் மணல், இன்னும் காற்று என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். விசிறி இயந்திரம் ஊளையிடுகிறது. திரை முழுக்கப் புழுதி. அடங்கியதும் பார்த்தால் மேலே டி சிகா மட்டும் மிச்சம். கேமரா, விளக்கு, வண்டி எல்லாம் போய்விட்டன. எங்களுக்கு ஒருமுறை ஒகேனக்கலில் இரண்டு ரிஃப்ளெக்டரும் ஒரு டிராலிச் சக்கரமும் காணாமல் போயின. அதற்கே நான் மூன்று நாள் கணக்கு எழுதினேன். முழு யூனிட்டும் போன அந்தப் புரொடக்‌ஷன் மேனேஜரை நினைத்து எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது.

உணவகக் காட்சியையும் சொல்லிவிட வேண்டும். ஓக்ராவும் நரியும் பேரம் பேசுவது வெளியே தெரியக் கூடாது. அதனால் ஓக்ரா பின்னால் மறைந்து உட்கார்ந்து பேசுகிறான். நரிக்கு எதிரே ஓர் அழகி உட்கார்ந்து வாயை மட்டும் அசைக்கிறாள். அழகான முகத்திலிருந்து கரகரத்த கிழட்டுக் குரல். டப்பிங் தியேட்டரில் வேலை பார்த்தவர்களுக்கு இது தினசரிக் காட்சி. ஓக்ராவாக நடித்த அகிம் டமிராஃப் குரலாலேயே அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்திவிடுகிறார்.

இனி கிராமம். படத்தில் ஊரின் பெயர் செவாலியோ. இத்தாலிய வரைபடத்தில் அதைத் தேட வேண்டாம். அந்தக் காட்சிகளை எடுத்தது நேப்பிள்ஸ் வளைகுடாவில் உள்ள இஸ்கியா தீவில், தென்கரையில், சாந்தாஞ்செலோ என்ற மீனவ ஊரில். ஊரை ஒட்டிக் கடலுக்குள் ஒரு பாறைக் குன்று. அதையும் ஊரையும் ஒரு மணல் திட்டு சேர்க்கிறது. குறுகலான ஏற்ற இறக்கச் சந்துகள். இன்றைக்கும் ஊருக்குள் மோட்டார் வாகனம் நுழைவதில்லை. லொக்கேஷன் பார்க்கப் போகிறவனுக்கு இதைவிடப் பெரிய சோதனை வேண்டாம். பெட்டிகளைப் படகில் கொண்டுவந்தார்களோ, தோளில் சுமந்தார்களோ, சுமந்தவர்கள் பெயர் டைட்டிலில் வராது. ஆனால் தேர்ந்தெடுத்தவனுக்குக் கண் இருந்திருக்கிறது. கரையில் எந்த மூலையில் நின்றாலும் ஊர் முழுக்கக் கேமரா ஃபிரேமுக்குள் வந்துவிடும். கூட்டத்தைக் காட்டக் கூட்டமே தேவையில்லை.

நரி இப்போது ஃபெடெரிகோ ஃபாப்ரிட்சி என்ற மேதை இயக்குநர். படத்தின் பெயர் ‘கெய்ரோவின் தங்கம்’. கதை? ஒரு படகு வரும், ஊர்மக்கள் அதிலிருந்து தங்கத்தை இறக்குவார்கள். அவ்வளவுதான். செல்லர்ஸ் எத்தனையோ வேடம் போடுகிறார். எனக்கு இந்த ஒரு வேடம் போதும். மற்றவற்றில் அவர் மீசையையும் தொப்பியையும் மாற்றுகிறார். இதில் நம்பிக்கையை மாட்டிக்கொள்கிறார். எடுக்கத் தெரியாதவனுக்கு எடுக்கத் தெரிந்தவனைவிடக் குரல் கம்பீரமாக இருக்கும் என்பதை அவர் எங்கோ பார்த்துத் தெரிந்துவைத்திருக்கிறார். நான் ஆறு பேரிடம் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். இரண்டு பேர் இன்னும் எனக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறார்கள்.

ஊர் மயங்கும் விதம் இருக்கிறதே, அதைத்தான் இந்தப் படத்தில் பார்க்க வேண்டும். ஒருவரும் ஒரு தாளைக்கூடக் கேட்பதில்லை. எந்தக் கம்பெனி, யார் பணம், என்ன கதை? கேள்வியே இல்லை. கேமரா இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, ஹாலிவுட் நடிகர் வந்திருக்கிறார், போதும். ஊர்ப் போலீஸ் அதிகாரியாக வரும் லாண்டோ புஸங்காதான் தொல்லை தரக்கூடிய ஒரே ஆள். அவருக்கும் ஒரு வேடம் கொடுத்துவிடுகிறான் நரி. தொப்பி போட்ட அந்த மனிதரின் முகம் இளகுவதைப் பார்த்தபோது எனக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கத்து வாய்க்கால் கரை ஒன்று கண் முன் வந்து நின்றது.

1980-களின் நடுவில் அங்கே ஒரு பாட்டுக்குப் போயிருந்தோம். அனுமதிக் கடிதம் வந்து சேரவில்லை. நான் வாயாலேயே சமாளித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் ஓர் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். “லெட்டர் எங்கே?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. நாற்காலி போடச் சொன்னேன். இளநீர் கொடுத்தேன். “ஐயாவின் முகவெட்டுக்கு ஒரு போலீஸ் வேடம் இருக்கிறது, ஆள் கிடைக்காமல் தவிக்கிறோம்” என்றேன். அந்தப் பாட்டில் போலீஸே கிடையாது. மூன்று நாள் அவரே வந்து கூட்டத்தை விலக்கினார், இடையிடையே வரப்பில் விறைப்பாக நடந்தார். கேமராமேன் நல்லவர், ஓடாத கேமராவை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார். படம் வெளியானபோது அவர் குடும்பத்தோடு ஈரோட்டுக்குப் போய்ப் பார்த்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். செவாலியோவின் அதிகாரிக்காவது கேமரா ஓடியது.

சரி, விக்டர் மெச்சூருக்கு வருவோம். படத்தைத் தூக்கி நிறுத்துகிறவர் செல்லர்ஸ் என்று போஸ்டர் சொல்லும், நம்பாதீர்கள். ‘சாம்சன் அண்ட் டிலைலா’வில் சிங்கத்தோடு மல்லுக்கட்டிய அந்தப் பரந்த மார்பு நடிகர், இதற்குச் சில வருடம் முன்பே நடிப்பை விட்டு கோல்ஃப் மட்டையோடு ஒதுங்கியிருந்தார். அவரைக் கூட்டிவந்து, வயதான, மார்க்கெட் போன, கண்ணாடி முன்னால் தலைச்சாயத்தோடு போராடுகிற டோனி பவல் என்ற நடிகராக நடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதாவது தன்னையே கிண்டல் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். மனிதர் ஓர் இடத்திலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முயலவில்லை. கோட்டை இழுத்துக் கட்டி வயிற்றை உள்ளே பிடித்துக்கொள்கிறார்; யாராவது வயதைப் பற்றிப் பேசினால் குழந்தை மாதிரி முகம் சுருங்குகிறது. ‘நீ இன்னும் இளைஞன்தான்’ என்று ஃபாப்ரிட்சி சொல்லும்போது அந்த முகத்தில் படரும் நன்றியைப் பாருங்கள். அறுபது வயதில் கல்லூரி மாணவனாக நடித்தவர்களுக்கு நான் வேன் அனுப்பியிருக்கிறேன். இந்த முகம் எனக்குத் தெரியும்.

அவருடைய மேனேஜர் ஹாரியாக மார்ட்டின் பால்சம். ஊரே ஏமாந்தபோது ஏமாறாத ஒரே ஆள். ஸ்கிரிப்ட் எங்கே என்று கேட்கிறவர் அவர் மட்டும். பாவம், சினிமாவில் ஸ்கிரிப்ட் கேட்கிறவனை எல்லோரும் எப்படிப் பார்ப்பார்களோ அப்படியே அவரையும் பார்க்கிறார்கள்.

தங்கம் வரும் படகு தாமதமாகிறது. இனி என்ன செய்வது? ஊர் காத்திருக்கிறது, நடிகர் மேக்கப்போடு நிற்கிறார், எடுக்கக் காட்சி இல்லை. அதனால் ஃபாப்ரிட்சி வாயில் வந்ததை எல்லாம் எடுக்கத் தொடங்குகிறான். டோனியும் ஜீனாவும் ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் இருக்கிறார்கள். மனிதர்களுக்கிடையே பேச்சற்றுப் போன நிலையாம். அப்புறம் ஓடுகிறார்கள். ஏன் ஓடுகிறோம் என்று கேட்டால் அதற்கும் ஆழமான விளக்கம் வருகிறது. அந்த நாளைய இத்தாலியக் கலைப்படங்களை, குறிப்பாக இயக்குநர் அந்தோனியோனியின் நீண்ட மௌனங்களை, நேராகக் குத்துகிற இடம். ஆனால் கால்ஷீட் வீணாகாமல் இருக்க எதையாவது எடுத்தே ஆக வேண்டிய காலை நேரத்தை அனுபவித்தவர்களுக்கு இது கிண்டலாகவே தெரியாது. மழை பெய்து கதாநாயகி வராத ஒரு நாளில் எங்கள் இயக்குநர் ஒரு கன்றுக்குட்டியை ஆயிரம் அடி ஃபிலிமுக்கு எடுத்தார். அது படத்தில் கனவுக் காட்சியாக வந்தது. ஒரு பத்திரிகை பாராட்டியும் எழுதியது.

இதில் ஒளிந்திருக்கும் இன்னொரு ஊசி டி சிகாவின் மேலேயே குத்துகிறது. கேமராவைத் தெருவுக்குக் கொண்டுபோய், நடிகரல்லாதவர்களை முன்னால் நிறுத்திப் பெயர் வாங்கிய தலைமுறை அவருடையது. இன்னோர் இத்தாலிய இயக்குநர் விஸ்கோந்தி 1948-இல் சிசிலியின் ஆச்சி ட்ரெட்ஸா என்ற மீனவ ஊருக்குப் போய் அங்கே இருந்த மீனவர்களையே அவர்கள் பேச்சுமொழியிலேயே நடிக்கவைத்தார். அதே வருடம் வந்த ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தின் அப்பா லம்பெர்த்தோ மஜ்ஜொரானி ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. படம் உலகம் சுற்றியது; அவர் தொழிற்சாலைக்குத் திரும்பினார், பிறகு வேலை போயிற்று. பதினெட்டு வருடம் கழித்து, அதே டி சிகா, அதே ஸவாட்டினி, ஒரு மீனவ ஊர், நடிகரல்லாத சனங்கள், அவர்களிடம் அழகாகப் பேசி வேலை வாங்கிக்கொள்ளும் ஒரு திருடன். இதைத் தெரியாமல் எழுதியிருப்பார்களா? டி சிகா நாற்காலியில் உட்கார்ந்து இந்தக் காட்சிகளுக்கு ஆக்‌ஷன் சொன்னபோது என்ன நினைத்திருப்பார் என்று அன்று இரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

குறைகளை மறைக்க மாட்டேன். எல்லோரும் ஆங்கிலத்தை இத்தாலிய இழுவையோடு பேசுவது ஒரு மணி நேரத்தில் காதைக் குடையும். செல்லர்ஸ் அந்த இழுவையைச் சங்கீதமாக ஆக்கிவிடுகிறார். மற்றவர்களுக்கு அது பல்வலி. எடிட்டிங் சில இடங்களில் சிரிப்பு வருவதற்கு முன்பே வெட்டிவிடுகிறது, சில இடங்களில் சிரித்து முடித்த பிறகும் நிற்கிறது. கடைசியில் வரும் கார் துரத்தல் அந்தக் காலத்து ஆங்கில நகைச்சுவைப் படங்களுக்கெல்லாம் கட்டாய வரி போல; கட்டிவிட்டுப் போகிறார்கள். எகிப்தியர் என்றால் கறுப்பாகப் பூசிக் கண்ணை உருட்ட வேண்டும் என்ற பழக்கமும் இருக்கிறது. பர்ட் பகராக்கின் இசையும், ‘தி ஹாலீஸ்’ குழுவோடு செல்லர்ஸே கேள்வி பதிலாகக் குரல் கொடுக்கும் டைட்டில் பாட்டும் இந்த எரிச்சல்களில் பாதியைத் துடைத்துவிடுகின்றன. அந்தப் பாட்டு இரண்டு நாள் என் வாயில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அதில் ஒரு வரியும் தெரியாது.

செல்லர்ஸைப் பற்றி ஒரு கதை உண்டு. இந்தப் படப்பிடிப்பில்தான் ஊதா நிறம் மரணத்தின் நிறம் என்று டி சிகா அவரிடம் சொன்னாராம்; அதற்குப் பிறகு ஊதா ஆடையோடு யாராவது செட்டுக்குள் வந்தால் அவர் ஆட்டம் காண்பாராம். 1964-இல் அடுத்தடுத்து மாரடைப்பு வந்து பிழைத்த மனிதர், பயந்ததில் வியப்பில்லை. இத்தாலிய நாடகக்காரர்களுக்கு ஊதா ஆகாது என்பது பழைய வழக்கம். தவக்காலத்தில் தேவாலயம் ஊதா உடுத்தும், நாடகக் கொட்டகைகள் மூடிக் கிடக்கும், நடிகன் பட்டினி. நம் ஊரில் பூசணிக்காய் உடைக்காமல் கடைசி நாள் ஷாட் முடியாது. அந்தக் காயை வாங்கிவர மறந்து நான் ஒருமுறை வேலையை இழக்கப் பார்த்தேன். அதனால் ஊதாவைப் பார்த்துச் சிரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

கடைசியில் எல்லோரும் நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். ஊரே கூண்டில். அவர்கள் எடுத்த படம் சாட்சியமாகத் திரையிடப்படுகிறது. தலையில்லாத உருவங்கள், குவியாத லென்ஸ், அர்த்தமில்லாத ஓட்டம். ஒரு விமர்சகர் எழுந்து இது மகத்தான கலைப்படைப்பு என்று கத்துகிறார். இந்தக் கிண்டல் எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடித்தது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே ஒன்று நடக்கிறது, சத்தமில்லாமல். ஊர்மக்கள் சிறைக்குப் போய்விடக் கூடாது என்று நரி குற்றம் முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் என்கிறான்.

அந்த இடத்தில் நான் டிஸ்க்கை நிறுத்தினேன்.

நாங்கள் ஒருமுறை ஒரு கிழவியின் கூரை வீட்டை இரண்டு நாளைக்குக் கேட்டோம். முன்னூறு ரூபாய் பேச்சு. வீட்டின் முன் திண்ணையைக் கேமரா கோணத்துக்காக இடித்தோம். முடித்ததும் கட்டித்தருவதாக நான்தான் சொன்னேன். இரண்டாம் நாள் மாலையில் தயாரிப்பாளரிடமிருந்து தந்தி வந்தது. பணம் இல்லை, உடனே பேக்கப். இரவு இரண்டு மணிக்கு வண்டிகள் விளக்கைப் போடாமல் ஊரைத் தாண்டின. முன்னால் போன வண்டியில் உட்கார்ந்து வழி சொன்னவன் நான். அந்தப் படம் வெளிவரவே இல்லை.

முடிவை நான் சொல்லப் போவதில்லை. தொடக்கத்தில் வந்த சிறை மருத்துவர் திரும்ப வருகிறார், ஒரு தாடி இருக்கிறது, அந்தத் தாடி இழுபடுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பேரன் அந்த ஒரு நிமிடத்தை ஏழு முறை ஓட்டச் சொன்னான்.

வாங்குகிறவர்கள் சப்டைட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எனக்குக் கிடைத்த டிஸ்க்கில் இல்லை. அட்டையில் இருப்பதாக அச்சிட்டிருந்தான். பாதி வசனம் மருமகன் சொல்லித்தான் புரிந்தது, அதிலும் அவர் சிரித்துவிட்டுச் சொல்வதா சொல்லிவிட்டுச் சிரிப்பதா என்று தடுமாறினார். கிராமம் வந்த பிறகு வசனம் அவ்வளவு தேவைப்படவில்லை.

படம் முடிந்து விளக்கைப் போட்டபோது மனைவி முறத்தில் அரிசியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “இவ்வளவு வேலை வாங்கினானே, அந்த ஊர்க்காரர்களுக்குப் பேட்டா கொடுத்தானா?” என்று கேட்டாள்.

“கொடுத்த மாதிரி தெரியவில்லை” என்றேன்.

“ஜெயிலுக்காவது போனான்” என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.